சிறுத்த வயிறு, சொல்லாத பசி

எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் சாப்பாட்டோடு நடத்தும் போராட்டம்

கல்யாண மண்டபத்தில் இரண்டாவது பந்தி. இலை நிறையப் பரிமாறியாகிவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக்கொண்ட பெண் ஒருத்தி, மூன்றாவது கவளத்தோடு கையை நிறுத்துகிறாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கிறது. வாயில் எச்சில் ஊறுகிறது. வாந்திக்கு முன்னால் வரும் எச்சில் அது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து இலையிலிருந்து சித்தியின் குரல்: "என்னடி இது, கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறே? இன்னும் என்ன டயட்டு? ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது." சாம்பார் வாளி நெருங்குகிறது. ஆபரேஷன் விஷயம் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கை கழுவும் சாக்கில் எழுந்து போய்விடுகிறாள். அன்று இரவு வீடு அடங்கிய பிறகு, தாம்பூலப் பையில் வந்த லட்டையும் முறுக்கையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கிறாள். பகலில் மூன்று கவளத்துக்கு மறுத்த வயிறு, இரவில் அத்தனைக்கும் இடம் கொடுக்கிறது.

இது ஒரு தனி மனுஷியின் கதை இல்லை. மருத்துவர்கள் நன்றாக அறிந்த சிக்கல்களை நம் ஊர்ப் பந்தியில் உட்கார வைத்துப் பார்த்த காட்சி. எடை குறைப்பு அறுவை சிகிச்சையைக் குறிக்கும் 'பேரியாட்ரிக் சர்ஜரி' இன்று சென்னை, கோவை விளம்பரப் பலகைகளில் சாதாரணமாகத் தென்படும் சொல். பெருத்த உடல் ஒரு படம், மெலிந்த உடல் ஒரு படம் என்று இரண்டையும் அருகருகே போடுகிறார்கள். அந்த இரண்டாவது படத்துக்குப் பிறகு அவர் என்ன சாப்பிடுகிறார், எப்படிச் சாப்பிடுகிறார், எதை மறைத்துச் சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லும் மூன்றாவது படம் எங்கும் இல்லை.

ஏன் இத்தனை பேர் போகிறார்கள்?

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். தேசிய அளவில் பெண்கள் 24 சதவீதம்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், குழந்தையின்மை, தேய்ந்த மூட்டு எனப் பல கதவுகள் வழியாக இவர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு சிறு பகுதிக்கு அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்'. இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை அகற்றிவிட்டு, வாழைக்காய் அளவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். 'பைபாஸ்' என்பது இரைப்பையின் மேல் முனையில் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைப்பது. 1966ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் இதன் ஆரம்ப வடிவத்தைச் செய்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்ததிலிருந்து பிறந்த யோசனை அது.

இந்தச் சிகிச்சை உயிர் காக்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஸ்வீடனில் 1987ல் தொடங்கி நடந்த நீண்ட ஆய்வின் முடிவு 2007ல் வெளியானது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம், செய்துகொள்ளாதவர்களைவிட 29 சதவீதம் குறைவு. பலருக்குச் சர்க்கரை மாத்திரையே தேவைப்படாமல் போகிறது. யாரையும் பயமுறுத்தித் திருப்பி அனுப்ப இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. இதைச் செய்துகொண்டவர்கள் அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் தனியாக விடப்படக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

முறுக்கு இறங்கும், சப்பாத்தி இறங்காது

முதல் சில மாதங்களில் பசியே எடுக்காது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனின் பெரும்பகுதி இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவது அந்தப் பகுதிதான். போதும் என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்களும் கூடிவிடும். எடை மளமளவென்று இறங்கும். பார்ப்பவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள்.

பிறகு பசி மெல்லத் திரும்புகிறது. திரும்பும்போது சின்னதாகிவிட்ட வயிற்றுக்குள் எது சிரமம் இல்லாமல் இறங்குகிறது என்பதை உடல் சீக்கிரமே கற்றுக்கொள்கிறது. ஆட்டுக்கறி அடைத்துக்கொள்ளும். சப்பாத்தி, பரோட்டா, ரொட்டி பிசைந்த மாவாகி நிற்கும். பிசைந்த சோறு சிலருக்கு இறங்கவே இறங்காது. ஆனால் முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ரஸ்க், சிப்ஸ் எல்லாம் ஒரு வாய் டீயோடு கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். ஐஸ்கிரீமும் மில்க்‌ஷேக்கும் கேட்கவே வேண்டாம். புரதம் உள்ள சாப்பாடு வலிக்கிறது, புரதம் குறைந்த நொறுக்குத் தீனி சுகமாக இறங்குகிறது. இந்த இடத்தில் மனிதர் நொறுக்குத் தீனிக்கு நகர்ந்தால் அது ஒழுக்கக் கேடு ஆகாது. வலியிலிருந்து தப்பிக்கும் இயல்பு அது.

அப்படித்தான் 'கொறித்தல்' வருகிறது. காலையிலிருந்து இரவு வரை தனித்தனியாகச் சாப்பாட்டு வேளை என்று எதுவும் இல்லை. சமையலறையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கை. கணக்கில் வராத இந்தக் கைகள் சேர்ந்துதான் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் எடையை மறுபடி ஏற்றுகின்றன. ஓரளவு ஏறுவது பெரும்பாலானோருக்கு நடப்பதுதான். அதே ஸ்வீடன் ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள். பத்தாவது ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக நின்றது. இந்த உண்மையை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தால், மூன்று கிலோ ஏறிய அன்று யாரும் தன்னையே வெறுத்துக்கொண்டு மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்த மாட்டார்கள்.

பிடி நழுவும் நேரம்

கட்டுப்பாடில்லாமல் உண்ணும் கோளாறு 2013ல்தான் அமெரிக்க மனநலச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் தனி நோயாக இடம் பெற்றது. குறிப்பிட்ட நேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிக அளவு சாப்பிடுவது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, சாப்பிட்ட பிறகு அருவருப்பும் குற்றவுணர்வும். வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதங்கள் தொடர்ந்தால் நோய். அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களில் கணிசமானோருக்கு இது முன்பே இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு இந்த அளவுகோல் உடைந்துவிடுகிறது. நாற்பது இட்லி சாப்பிட அந்த வயிற்றில் இடமில்லை. எட்டு பிஸ்கட்டும் அரை டம்ளர் பாலும்தான் சாப்பிட்டிருப்பார். அளவை வைத்துப் பார்த்தால் நோய் போய்விட்டது. அவருக்கு உள்ளே நடந்ததோ பழையதேதான்: கை தானாகப் போனது, நிறுத்த நினைத்தும் முடியவில்லை, யாரும் பார்க்காத நேரத்தைத் தேடினார், முடிந்ததும் அழுதார். அதனால்தான் ஆய்வாளர்கள் இப்போது அளவை விட்டுவிட்டு, பிடி நழுவுகிறதா என்று கேட்கிறார்கள். அப்படிப் பிடி நழுவுகிறவர்களுக்கு எடை குறைவாகவே இறங்குகிறது, மனச்சோர்வும் கூடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நம் ஊர் ஃபாலோ-அப்பில் எடை பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். இந்தக் கேள்வியையும் கேட்க அரை நிமிடம் போதும்.

எதிர்த் திசையில் போகிறவர்களும் உண்டு. அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. மறுபடியும் குண்டாகிவிடுவோமோ என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு இட்லி, ஒரு டம்ளர் மோர் என்று சுருக்குகிறார்கள். மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புகிறார்கள். அடைத்தபோது வாந்தி வந்ததும் சுகமாக இருந்ததே என்று, அடைக்காதபோதும் விரலை விட்டு வரவழைக்கிறார்கள். எலும்பும் தோலுமாக இருக்கும் இளம்பெண் இதைச் செய்தால் வீடு பதறும். நூற்றிருபது கிலோவிலிருந்து எழுபதுக்கு வந்தவர் செய்தால் "சூப்பரா மெலிஞ்சிட்டீங்க" என்கிறோம். நம் பாராட்டே அந்த நோய்க்குத் தீனியாகிவிடுகிறது.

ஒரு பாட்டில் குளுக்கோஸ்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் பி1, அதாவது தயமின், உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமே கையிருப்பு இருக்கும். ஆபரேஷன் ஆனவருக்கு எந்தக் காரணத்தாலாவது வாந்தி விடாமல் தொடர்ந்தால் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். மூளை செல்கள் குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க தயமின் கட்டாயம் வேண்டும். அது இல்லாதபோது கண் பாவை ஆடும், பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். 1881ல் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோய் இது. உடனே கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாக அழியலாம், உயிரும் போகலாம்.

நம் ஊரில் வாந்தி என்றால் என்ன செய்கிறோம்? தெருமுனை கிளினிக்குக்குப் போய் "டிரிப்ஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பே இல்லை" என்கிறோம். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறுகிறது. தயமின் வற்றிய உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருந்த துளி தயமினையும் அது இழுத்துக்கொள்ளும். தள்ளாட்டம் மயக்கமாக மாறலாம். குளுக்கோஸுக்கு முன்னால், அல்லது குறைந்தபட்சம் கூடவே, தயமின் ஊசி போட வேண்டும். அதிக விலை இல்லாத, எளிதில் கிடைக்கும் மருந்து அது. ஆனால் இவருக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று அந்த மருத்துவருக்கு யாராவது சொன்னால்தானே போடுவார்? துணைக்கு வந்த கணவருக்கோ மாமியாருக்கோ விஷயமே தெரியாமல் இருக்கும் வீடுகளில், ரகசியம் உயிரோடு விளையாடுகிறது.

பக்கக் குறிப்பாக ஒன்று. இதே தயமின் பற்றாக்குறைதான் ஆசியாவை உலுக்கிய பெரிபெரி நோய். 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விழுந்து சாவதைக் கண்டு துப்புத் துலக்கினார். 1929ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லைப் புழுக்கும்போது உமியோரச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி உண்ட நம் முன்னோரைக் காத்தது அந்தப் பக்குவம். ஆனால் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும் வயிற்றுக்கு எந்த அரிசியும் உதவாது.

பெட்டிச் செய்தி: உடனே மருத்துவமனை

ஒரு நாளுக்கு மேல் நிற்காத வாந்தி, தண்ணீர்கூட இறங்காமை, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, கறுப்பு மலம், கடும் வயிற்று வலி. ஆபரேஷன் ஆகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இவை அவசரம்தான். போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "இவருக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு."

மெல்ல வரும் பட்டினி

பி1 வாரங்களில் தீர்கிறது. பி12 அப்படி இல்லை. கல்லீரலில் ஆண்டுக் கணக்கில் சேமிப்பு இருக்கும். அதனால்தான் அது ஏமாற்றுகிறது. ஆபரேஷன் ஆன முதல் வருடம் ஒழுங்காக மாத்திரை போட்டவர், "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்துவார். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பாதம் மரத்துப்போகும், எரியும். சர்க்கரையால் வந்தது என்று நினைத்துக்கொள்வார். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்காக நெடுநாள் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கும் கையிருப்பே முன்பிலிருந்து குறைவாக இருக்கலாம்.

இரும்புச்சத்தின் கதை இன்னும் கவலை தருவது. அது சேர இரைப்பை அமிலம் வேண்டும், சிறுகுடலின் முதல் பகுதி வேண்டும். ஆபரேஷனில் அமிலம் குறைகிறது, பைபாஸில் அந்தக் குடல் பகுதியே விலக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ரத்தசோகை. அந்த உடம்பில்தான் இந்த மாற்றத்தைச் செய்கிறோம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருக்கிற கொஞ்ச இரும்பையும் தடுக்கும்.

மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டும். சீப்பில் கொத்தாக வரும்போது பெண்கள் உடைந்துபோகிறார்கள். வேகமாக எடை இறங்கும் அதிர்ச்சியால் வரும் முடி உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் நின்றுவிடும். புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைவாக இருந்தால் நிற்காது.

பெட்டிச் செய்தி: ஒரு நாளின் தேவை

புரதம் 60 முதல் 80 கிராம். கால்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம், சிட்ரேட் வகையாக இருந்தால் நல்லது. வைட்டமின் டி3 சுமார் 3,000 யூனிட். பி12 மாத்திரையாக 350 முதல் 1,000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு ஊசி. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். தயமின் குறைந்தது 12 மில்லிகிராம். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இவை பொதுவான வழிகாட்டு அளவுகள். உங்களுக்கு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நம் தட்டில் 60 கிராம்

ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். 100 கிராம் சோற்றில் இரண்டரை. ஒரு முட்டையில் 6. 100 கிராம் பனீரில் 18 வரை. அதே அளவு மீனில் 20, சமைத்த கோழியில் 25க்கு மேல். ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் கொள்ளும் வயிற்றில் முதலில் சோறு போனால், புரதத்துக்கு இடமே இருக்காது. தலைமுறைகளாக நாம் சோற்றை மையத்தில் குவித்துக் குழம்பை மேலே ஊற்றிக் காயை ஓரத்தில் வைத்துப் பழகியவர்கள். அந்த வரிசை இனித் தலைகீழாக வேண்டும்: முதலில் முட்டையோ மீனோ பருப்போ பனீரோ, பிறகு காய், இடமிருந்தால் கடைசியில் சோறு.

விலை உயர்ந்த டப்பா பவுடர்தான் வழி என்றில்லை. முதல் வாரங்களில் அது உதவும். அதன் பிறகு வேகவைத்துக் குழைத்த பாசிப்பருப்பு, கெட்டித் தயிர், முள் நீக்கிய மீன் குழம்புத் துண்டு, முட்டைப் பொரியல், சுண்டல் மசியல் எல்லாம் நம் அடுப்பிலேயே ஆகும். விதிகள் சில உண்டு. சுண்டுவிரல் நகம் அளவுக் கவளம், கூழாகும் வரை மெல்லுதல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளி மடக்கு மடக்காகக் குடித்தல். சோடா, கோலா வேண்டாம்.

இனிப்புக்குத் தனி எச்சரிக்கை. குறிப்பாக பைபாஸ் ஆனவர்கள் குலாப் ஜாமூனோ பாயசமோ சாப்பிட்டால், சர்க்கரை ஒரே வீச்சில் குடலுக்குள் இறங்கிவிடும். பத்து முதல் முப்பது நிமிடத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, பேதி. இதை 'டம்பிங்' என்கிறார்கள். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவு தாழ்ந்து கை நடுங்கும். நடுக்கத்தைப் போக்க மறுபடி இனிப்பைத் தேடுவார்கள். சுற்று மறுபடி தொடங்கும்.

பைபாஸ் ஆனவர்கள் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கும் வலி மாத்திரைகளும் ஆபத்து. இணைப்புப் பகுதியில் புண் வந்து ரத்தம் கசியலாம். எது பாதுகாப்பானது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு போன இடத்தில் என்ன வந்தது?

கவலை, தனிமை, கோபம் எதுவானாலும் சாப்பாட்டால் ஆற்றிக்கொண்டவருக்கு, ஒரே நாளில் அந்தத் துணை பறிபோகிறது. வேறு ஒன்றைக் கொடுக்காமல் பறித்தால் மனம் தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். பைபாஸுக்குப் பிறகு மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, முன்பு மூன்று குவளையில் வந்த போதை ஒன்றில் வருகிறது. அமெரிக்காவில் 2012ல் வெளியான பெரிய ஆய்வில், மதுப் பழக்கக் கோளாறு ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம் பேரிடம் இருந்தது, இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமானது. 2007ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் கனமானது: பைபாஸ் செய்தவர்களின் மொத்த இறப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது, விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் வந்த இறப்போ 58 சதவீதம் கூடியிருந்தது. இதயமும் ரத்தச் சர்க்கரையும் தேறிய உடம்புக்குள் மனம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் இப்படியும் நடக்கலாம். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இளம்பெண்கள் விஷயத்தில் வீடுகள் அவசரப்படுகின்றன. எடை இறங்கினால் கருத்தரிப்பு எளிதாகும், உண்மைதான். அதனாலேயே எதிர்பாராமல் சீக்கிரம் கரு தங்கவும் வாய்ப்பு உண்டு. எடை வேகமாகச் சரியும் காலத்தில் குழந்தைக்குக் கொடுக்க தாயிடம் சத்து இருக்காது. 12 முதல் 18 மாதங்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, வேறு வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஆறு மாசம் ஆச்சு, இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கும் மாமியாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பில் முடிந்தால் பொறுப்பு முடிந்ததா?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வெளியிட்ட விதிகளின்படி, உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கடுமையான துணை நோய்கள் இருந்தாலோ, மருத்துவர் பரிந்துரைத்த எடை குறைப்பு அறுவை சிகிச்சையை 'உடல் பருமன்' என்ற காரணம் சொல்லிப் பாலிசியிலிருந்து விலக்க முடியாது. பலருக்கு அது பெரிய வரம். ஆனால் உள்நோயாளிச் செலவோடு பெரும்பாலான பாலிசிகள் நின்றுவிடுகின்றன. வாழ்நாள் முழுக்க வாங்க வேண்டிய மாத்திரை, ஆண்டுக்கொருமுறை ரத்தப் பரிசோதனை, டயட்டீஷியன், மனநல ஆலோசகர் எல்லாம் கைக்காசு. மாதச் சம்பளக்காரர் எதை முதலில் வெட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை.

பேக்கேஜ் விலை சொல்லும் மருத்துவமனையிடம் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். இதில் எத்தனை ஆண்டு ஃபாலோ-அப் அடக்கம்? டயட்டீஷியனை எத்தனை முறை பார்க்கலாம்? உணவுக் கோளாறு தெரிந்த மனநல மருத்துவர் குழுவில் இருக்கிறாரா, அல்லது ஆபரேஷனுக்கு முன் கையெழுத்துக்காக மட்டும் ஒருமுறை வருகிறாரா? எடை ஏறிவிட்டது என்று நான் திரும்பி வந்தால் என்னிடம் முதலில் என்ன கேட்பீர்கள்? கடைசிக் கேள்விக்கான பதில்தான் முக்கியம். "டயட்டை ஃபாலோ பண்ணலையா?" என்று தொடங்கும் இடத்துக்கு நோயாளி மறுபடி வர மாட்டார். கட்டுப்பாடில்லாமல் உண்ணும் கோளாறுக்குச் சிகிச்சை இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. சிலருக்கு மருந்தும் உதவும். அந்தச் சிகிச்சை வரை போவதற்கு முதலில் நோயாளி வெட்கமின்றி உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்னால் திட்டு விழாது என்று நம்ப வேண்டும்.

ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டு, மாத்திரையும் ஃபாலோ-அப்பும் நின்றுபோனவர்கள் இப்போது தொடங்கினாலும் காலம் கடந்துவிடவில்லை. ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் ஆகியவற்றைப் பரிசோதித்து, அறிக்கையோடு பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன ஆபரேஷன், எந்த ஆண்டு, வாந்தி தொடர்ந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு சீட்டைப் பர்ஸில் வையுங்கள். அதன் நகல் வீட்டில் ஒருவர் கையிலாவது இருக்கட்டும்.